யூரியா பைக்கு வந்த வாழ்வு

பிரிஸ்டலில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். வாய்க்குள் முணுமுணுப்பதெல்லாம் கிடையாது, வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் சொன்னாள். அவளுக்குப் பின்னால் கைத்தடி ஊன்றிய பெரியவர் சொன்னார். அவருடைய நாய் மட்டும்தான் சொல்லாமல் இறங்கியது. காஞ்சிபுரத்தில் செவிலிமேடு போகிற டவுன் பஸ்ஸில் இதைச் செய்து பார்க்க வேண்டும். டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "இன்னாபா, உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று விசாரிப்பார்.

முதல் நாள் எனக்கு வாய் வரவில்லை. என்னோடு வந்த நிவேதா மட்டும் பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகியவள் போலச் சொல்லிவிட்டு இறங்கினாள். அவள் சென்னை, அடையாறு. எந்த ஊருக்குப் போனாலும் சாயங்காலத்துக்குள் அந்த ஊர்க்காரி ஆகிவிடுவாள். நான் புது ஊரில் எத்தனை நாள் இருந்தாலும் விருந்தாளிதான்.

நாங்கள் இருவரும் சென்னையில் ஒரு டிசைன் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறோம். சோப்பு உறை, மருந்து டப்பா, எண்ணெய் டின் இதையெல்லாம் எப்படி வடிவமைப்பது என்பதுதான் எங்கள் பாடம். "இத்தினி வருஷம் படிச்சி அட்டப்பொட்டி செய்யப் போறியா?" என்று ஊரில் கேட்காதவர்கள் கிடையாது. பிரிஸ்டலில் பழைய டப்பாக்களையும் விளம்பரங்களையும் சேர்த்து வைத்திருக்கிற ஓர் அருங்காட்சியகத்தில் சில நாள் கூடமாட இருந்துவிட்டு வரும்படி கல்லூரி எங்களை அனுப்பியிருந்தது.

முதல் நாளே கூத்து. நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர் பஸ்ஸுக்குள் இருந்த திரையில் அழகாக ஓடியது. நாங்களும் அதை அழகு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பஸ் நிற்கவில்லை. நம்மூரில் கண்டக்டர் விசில் ஊதுவார், மறந்தால் நாலு பேர் சேர்ந்து கத்துவார்கள். இங்கே அவரவர் நிறுத்தத்துக்கு அவரவரே கம்பியில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டுமாம். அது புரிந்தபோது வண்டி ஒரு குன்றின் உச்சியில் இருந்தது. மழையில் நனைந்துகொண்டே கீழே இறங்கினோம். எங்கள் பக்கத்தில் செவிலிமேடு என்று பெயரில்தான் மேடு உண்டு. நிஜமான மேடு எப்படி இருக்கும் என்பது முழங்காலில் தெரிந்தது.

நனைந்த கோழிகளாக ஒரு கடைக்குள் ஒதுங்கினோம். சோமாசியை இரண்டு கை சேர்ந்த அளவுக்குப் பெரிதாகச் செய்து, உள்ளே தேங்காய்க்குப் பதில் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் வைத்தால் என்ன வருமோ அதுதான் அந்தக் கடையின் பலகாரம். உப்பு இல்லை, காரம் இல்லை, ஆனால் சூடாக இருந்தது. கல்லாவில் நின்ற அம்மாவுக்கு என் அம்மாவின் வயசு இருக்கும். "உனக்கு என்ன தரட்டும், என் காதலா?" என்று என்னைக் கேட்டார். நான் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். நிவேதாவுக்குப் புரையேறிவிட்டது. அந்தப் பக்கத்து வழக்கமாம், எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டில் காய் விற்கிற அம்மா "இன்னா ராசா வோணும்?" என்று கேட்பதைப் போலத்தான். ஆனாலும் அன்றைக்கு முழுக்க எனக்குக் காது சிவந்தே இருந்தது.

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற வெட்கம். இதற்கு மேல் நான் சொல்லப் போவது அந்த ரகம் இல்லை.

என் ஊர் முசரவாக்கம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம், அப்பாவுக்கு நெல்லும், மணிலா என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும்தான் பிழைப்பு. ஆனால் வெளியூரில் யாராவது கேட்டால் முசரவாக்கம் என்று சொன்னதே கிடையாது. நான் மட்டுமில்லை, எங்கள் பக்கத்தில் யாருமே சொல்ல மாட்டார்கள். பக்கத்து ஐயம்பேட்டைக்காரரும் காஞ்சிபுரம் என்பார், எங்கள் ஊர்க்காரரும் காஞ்சிபுரம் என்பார். சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருப்பவர் முகம் மலரும். "ஓ, பட்டு!" என்பார். இல்லைங்க, எங்களுக்குத் தறி கிடையாது, நாங்க நெல்லு போடுறவங்க என்று விளக்குவதற்குள் அவர் தன் கல்யாணப் புடவைக் கதைக்குப் போயிருப்பார். அதனால் எல்லாரும் ஒரு சிரிப்போடு விட்டுவிடுவோம்.

நான் சிரிப்போடு விடவில்லை. கல்லூரியில் முதல் வாரம் ஒருத்தன் "வீட்ல தறி இருக்கா?" என்று கேட்டான். "ம்" என்றேன். அந்த ஒரு "ம்" இத்தனை வருஷத்தில் குட்டி போட்டுப் பெருகிவிட்டது. வாத்தியார் என்னை "நம்ம நெசவாளர் வீட்டுப் பிள்ளை" என்று அறிமுகப்படுத்துவார். குமரேசன் என்ற பெயரையும் குமரேஷ் என்று மாற்றிக்கொண்டேன். பட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் உள்ள சம்பந்தம், செல்வி அக்கா கல்யாணத்துக்குக் காந்தி ரோட்டில் ஒரு கடையில் காலையிலிருந்து உட்கார்ந்து, புடவைகளை மலை மாதிரி பிரித்துப் போட வைத்து, கடைசியில் முதலில் பார்த்ததையே வாங்கிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான்.

அருங்காட்சியகம் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய கிடங்கில் இருந்தது. உள்ளே போனதும் எனக்குக் குளிர், பசி எல்லாம் மறந்துவிட்டது. பிஸ்கட் டின்களுக்கே ஒரு தனி அறை. புத்தக அடுக்கு மாதிரி ஒரு டின், ரயில் எஞ்சின் மாதிரி ஒன்று, கைப்பை மாதிரி ஒன்று. சகல வியாதியும் ஒரே பாட்டிலில் தீரும் என்று சத்தியம் செய்கிற மருந்து விளம்பரங்கள். அதைப் பார்த்ததும் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுச் சுவர்கள் ஞாபகம் வந்தன. ஒரு தேயிலை டின்னில் தலைப்பாகை கட்டியவர் யானை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். யானை மேல் உட்கார்ந்து டீ குடித்த யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அச்சு அபாரம், மையில் ஒரு மங்கல் இல்லை.

பொருட்களுக்கெல்லாம் பொறுப்பாளர் ஹெலன். ஐம்பதைத் தாண்டியவர். கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு மேசை முழுக்கப் பென்சிலைத் தேடுவார். அவர் அப்போது ஒரு புதுப் பகுதியை ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். சனிக்கிழமை திறப்பு விழா. உள்ளே இருந்த பொருள் தீர்ந்த பிறகு டப்பாவுக்கும் பைக்கும் என்ன ஆகிறது என்பதுதான் அந்தப் பகுதியின் விஷயம். மாவு மூட்டைத் துணியில் தைத்த குழந்தைச் சட்டை இருந்தது. பொத்தான் போட்டு வைத்த மிட்டாய் டின் இருந்தது. எங்கள் வீட்டில் சத்துமாவு பாட்டிலில் மிளகாய்த்தூள் இருப்பதும், ஐஸ்கிரீம் டப்பாவில் இட்லி மாவு இருப்பதும் ஒரு படிப்புக்கான விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"நீ காஞ்சிபுரம்தானே? நிவேதா சொன்னாள், உங்கள் வீட்டில் நெசவு என்று. உனக்காகவே ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்" என்றார் ஹெலன். மெல்லிய தாள் விரித்த ஒரு தட்டைக் கொண்டுவந்து, மேசை நிறைந்து கிடந்ததால் என் முன்னால் தரையிலேயே வைத்தார்.

அதில் ஒரு பை இருந்தது. வெள்ளை பிளாஸ்டிக் சாக்கை வெட்டி, கோணி ஊசியால் கையால் தைத்த பை. வாய்ப்பக்கம் பிரியாமல் இருக்கப் பழைய நூல் புடவையின் கரையைக் கிழித்து மடித்துத் தைத்திருந்தது. கரையில் வரிசையாகக் கோபுரம் கோபுரமாக முக்கோணங்கள். பிடிக்கு நைலான் கயிறு. எனக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது யூரியா சாக்கில் தைத்த பை. முசரவாக்கத்தில் எந்த வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஆணியில் தொங்கும். நான் காஞ்சிபுரத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது புத்தகத்தை அதில்தான் போட்டுக்கொண்டு போனேன். அங்கே எனக்குக் குமரேசன் என்று பெயர் இருந்தது வாத்தியாருக்கு மட்டும்தான் தெரியும். பசங்களுக்கு நான் "யூரியா".

"எங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர் உங்கள் ஊருக்குச் சுற்றுலா போனபோது கொண்டுவந்தது. அவர் இப்போது இல்லை. காஞ்சிபுரம் என்பதைத் தவிர வேறு குறிப்பு எதுவும் வைக்கவில்லை. ஏதோ மூட்டையை வெட்டித் தைத்திருப்பார்கள் என்று நினைக்கிறோம். ஆனால் எழுத்தெல்லாம் உள்பக்கம் இருக்கிறது, அதுவும் பாதியில் வெட்டுப்பட்டு. இதைப் பார்த்தால் உனக்கு ஏதாவது தெரிகிறதா?" என்று கேட்டார் ஹெலன்.

நிவேதா பக்கத்தில் நின்றாள். இங்கிலீஷ்காரப் பயிற்சி மாணவர்கள் சிலரும் சுற்றி நின்றார்கள். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். பள்ளிக்கூட வாசலில் நின்ற மாதிரியே இருந்தது.

"இது பட்டு நூல் பை" என்றேன்.

ஹெலனின் கண்கள் விரிந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. முதலாளி கடையிலிருந்து நெசவாளி வீட்டுக்குப் பட்டு நூலை இதில்தான் எடுத்துப்போவார்கள் என்றேன். மூட்டையை வெட்டித் தைத்தது இல்லை, இதற்கென்றே செய்வது என்றேன். கரையில் இருக்கும் கோபுரத்தை வைத்துத்தான் இது எந்த முதலாளியின் நூல் என்று அடையாளம் தெரிந்துகொள்வோம் என்றேன். உள்ளே தெரிகிற எழுத்து? அது முதலாளியின் பெயர். நூல் உள்ளே இருக்கும்போது பையைத் தரையில் வைக்க மாட்டோம் என்றும் ஒரு போடு போட்டேன். ஒரு பயிற்சி மாணவி சட்டென்று தட்டைத் தரையிலிருந்து தூக்கி, மேசையில் இடம் ஒதுக்கி வைத்தாள். என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டாள்.

ஹெலன் மேசையில் தேடி, பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை உருவி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "அப்படியானால் இது பழைய மூட்டையில் செய்தது இல்லை, மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வைக்க வேண்டியது" என்றார். மறுநாள் போனபோது பைக்குத் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி கொடுத்திருந்தார்கள். மேலே ஒரு சின்ன விளக்கு. மாவு மூட்டைச் சட்டையும் மிட்டாய் டின்னும் சுவரோரம் இருக்க, யூரியா பை கூடத்துக்கு நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கீழே ஒரு அட்டை: "பட்டு நூல் பை, காஞ்சிபுரம். தகவல்: பாரம்பரிய நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த குமரேஷ்." இது தற்காலிக அட்டைதான், சனிக்கிழமைக்குள் நல்ல அட்டை அச்சாகி வந்துவிடும் என்றார் ஹெலன். நிவேதா என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து போட்டோ எடுத்தாள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். போட்டோவில் பார்த்தால் திருடன் மாட்டிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

அதற்குப் பிறகு எங்கே சுற்றியும் ருசிக்கவில்லை. ஆற்றுக்கு மேலே எவ்வளவோ உயரத்தில் தொங்குகிற பாலத்தைப் பார்க்கப் போனோம். பாலாற்றுப் பாலத்தில் எதிரே லாரி வந்தால் பயம் வரும், இங்கே கீழே பார்த்தாலே வந்தது. கீழே ஆறு சேறும் சகதியுமாக இருந்தது, ஆனால் தண்ணீர் இருந்தது. எங்கள் பாலாற்றைப் பற்றி நிவேதாவிடம் சொல்ல வாயெடுத்தேன், ஆறு வறண்டால் போர்வெல் இறக்க அப்பா பட்ட பாடு ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன். தறிக்காரனுக்குப் போர்வெல் எதற்கு? பொய் சொல்கிறவன் எதைப் பேசினாலும் நாலு பக்கமும் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு பங்களாதேஷ்காரர் கடை. "எந்த ஊர் தம்பி?" என்று இங்கிலீஷில் கேட்டார். நான் சொல்வதற்குள் நிவேதா, "காஞ்சிபுரம்! இவர்கள் வீடே தறிதான்" என்றாள். அவர் அம்மாவுக்கு ஒரு காலத்தில் காஞ்சிபுரம் புடவை மேல் ஆசையாம், இவரால் வாங்கித் தர முடியாமலே போய்விட்டதாம். எங்கள் மேசைக்கு அப்பளம் கூடுதலாக வந்தது. அந்த அப்பளம் எனக்கு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல் துறைமுகப் படிக்கட்டில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஊர்க் கடற்புறாக்கள் நம்மூர்க் கோயில் குரங்குகளுக்கு அண்ணன்கள். ஒன்று பறந்து வந்து நிவேதா கையிலிருந்த பொட்டலத்தையே அடித்துக்கொண்டு போனது. அவள் அதைத் துரத்திக்கொண்டு ஓடிய நேரத்தில்தான் என் போன் அடித்தது. வீடியோவில் அப்பா. திரை முழுக்க அவர் நெற்றிதான் தெரிந்தது.

"டேய் குமரேசா! நம்ம யூரியா பை அங்க எப்டிடா போச்சு?" என்று கத்தினார். அன்றன்றைக்கு எடுத்த போட்டோக்களை மொத்தமாகச் செல்வி அக்காவுக்கு அனுப்புவது வழக்கம். அந்தக் கூட்டத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற போட்டோவும் போயிருக்கிறது. அக்கா அப்போது ஊரில்தான் இருந்தாள்.

"கண்ணாடிப் பொட்டில வச்சிக்கிறாங்க! லைட்டு வேற போட்டுக்கிறாங்க!" என்று அப்பா யாருக்கோ சொன்னார். பின்னால் அக்கா சிரிக்கிற சத்தம். பக்கத்து வீட்டுக்காரர்களும் இருந்தார்கள் போல. "அதுக்குக் கீழ இங்கிலீஷ்ல இன்னாமோ எழுதியிருக்குதே, அது இன்னாபா? செல்வியால படிக்க முடியல, எழுத்து சின்னதா இருக்குதாம். நீ படிச்சிச் சொல்லு. எல்லாரும் கேட்டுக்கினு இருக்கிறாங்க."

நிவேதா பொட்டலம் போன துக்கத்தோடு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனோ ஒலிபெருக்கியில் இருந்தது.

இருந்ததை எப்படிப் படிப்பேன்? "உரச்சாக்கில் தைத்த பை" என்று ஆரம்பித்தேன். "காஞ்சிபுரம் பக்கத்தில் விவசாயம் செய்கிற வீடுகளில் பெண்கள் கையாலேயே தைப்பது. பிள்ளைகள் இதில் புத்தகம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள்." எதிரே கப்பல் பாய்மரத்தைப் பார்த்துக்கொண்டு, எழுதியிருப்பதைப் பார்த்துப் படிப்பவன் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"பாத்தியா, கரெக்டா எழுதிக்கிறான் பாரு வெள்ளக்காரன்!" என்றார் அப்பா. அவர் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்குக்கூடக் கேட்டதில்லை. "சொன்னது யாருன்னு உம் பேரு போட்டுக்கிறாங்களா?"

"போட்டுக்கிறாங்கப்பா."

போனை வைத்ததும் நிவேதா என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு அந்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். போட்டோ எடுத்தவளே அவள்தானே.

"ஸோ, தறியே இல்லையா?" என்றாள்.

"இல்ல."

"செகண்ட் இயர்ல 'எங்கள் வீட்டுத் தறியின் சத்தம்'னு ஒரு ப்ராஜெக்ட் பண்ணியே. நான் அழுதேன் அன்னிக்கு. அந்த சவுண்ட்?"

"நெட்ல டவுன்லோட் பண்ணது."

அவள் எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "எனக்குக் கோபம் தறி இல்லைன்னு இல்ல, குமரேஷ். உங்கப்பா அவ்ளோ ஹேப்பியா கேக்குறாரு, அவர்கிட்டயும் புளுகுற பாரு" என்று சொல்லிவிட்டு விடுதியைப் பார்த்து நடந்தாள். நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது என்று எழுதினால் அது ரொம்பக் குறைச்சல். என் அப்பாவின் முகத்தை ஒரு நிமிஷம்கூட மனசில் நிறுத்த முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பொத்தானைச் சரியாக அமுக்கி, சரியான இடத்தில் இறங்கினேன். டிரைவருக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன். ஹெலன் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல அட்டை இன்னும் அச்சுக்குப் போகவில்லை, மத்தியானம் போகும் என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். யூரியா, கோணி ஊசி, முசரவாக்கம், நெல்லு, மணிலா, இல்லாத தறி.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். துணியை மடித்து வைத்துவிட்டு, "அந்தக் கோபுர அடையாளம்?" என்று கேட்டார்.

"பொய்."

"தரையில் வைக்கக் கூடாது என்பது?"

"அதுவும்தான்."

அவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முதல் தடவையும் நீ இதே மாதிரி தெளிவாகத்தான் சொன்னாய், குமரேஷ். இப்போது சொல்வதை எதை வைத்து நம்பட்டும்? உன் வார்த்தையை மட்டும் வைத்து நான் அட்டையை மாற்ற முடியாது. வேறு யாராவது சொல்ல வேண்டும்."

நியாயம்தான். உண்மையைச் சொன்னதும் முதுகில் தட்டிக்கொடுப்பார் என்று மனசின் ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. என் சொல்லுக்கு சாட்சி தேவைப்படுகிற இடத்துக்கு வந்துவிட்டேன் என்று புரிந்தபோது உடம்பு கூசியது. எனக்குத் தெரிந்த சாட்சி ஒன்றுதான். போனை எடுத்தேன்.

ஊரில் அப்போது சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. அப்பா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஹெலனைக் காட்டினேன். அப்பா சட்டென்று எழுந்து, தோளில் இருந்த துண்டை எடுத்துவிட்டு, "வணக்கம்மா" என்று கும்பிட்டார். ஹெலனும் கைகூப்பினார். கேமராவைப் பைக்கு நேராகப் பிடித்தேன். இது என்ன என்று ஹெலன் கேட்க, நான் தமிழில் கேட்டேன்.

"யூரியா பை. நம்ம ஊட்ல கூட நாலஞ்சி இருக்குது" என்றார் அப்பா. சாக்கைக் கழுவிக் காயவைத்து வெட்டுவது, கோணி ஊசி, கயிறு எல்லாம் சொன்னார். கயிற்றை எப்படி முடிவது என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை, உள்ளே பார்த்து அம்மாவைக் கூப்பிட்டார். ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொன்னேன். இந்த முறை ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஹெலன் எழுதிக்கொண்டே வந்தார்.

"எழுத்து ஏன் உள்பக்கம் இருக்கிறது? அதை மட்டும் கேள். எங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே அது புரியவில்லை" என்றார்.

கேட்டேன். "எல்லாரும் எழுத்து வெளிய தெரியிற மாரிதான் தெப்பாங்க. இவதான் உள்ள திருப்பித் தெப்பா. இன்னாத்துக்குன்னு அவளையே கேளு" என்று அப்பா போனை அம்மா பக்கம் திருப்பினார்.

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பையைக் கிட்டத்தில் பார்த்தார். "எழுத்து தெரிஞ்சா இஸ்கூல்ல பசங்க கிண்டல் பண்ணுவாங்கல்ல. இவனத்தான் யூரியா யூரியான்னு கூப்டாங்களே. அதுக்கோசரம்தான் அடுத்த பையில உள்ள திருப்பி வச்சித் தெச்சேன். அப்பயும் வெளிச்சத்துல தெரியும், இன்னா பண்றது? இதையும் எவளோ ஒருத்தி அப்படித்தான் தெச்சிருக்குறா. அவ புள்ளையும் படிக்கப் போயிருக்கும்."

அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. நான் ஒரு நாளும் வீட்டில் சொன்னதில்லை. ஹெலன் காத்துக்கொண்டிருந்தார். அதையும் சொன்னேன். யாரோ ஒரு பையனைக் கிண்டல் செய்தார்கள் என்று பொதுவாகச் சொல்லாமல், என்னைத்தான் என்று சொன்னேன். பென்சில் ஒரு கணம் நின்று, பிறகு எழுதியது.

அப்பா போனை வாங்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நெற்றியைச் சுருக்கியிருந்தார்.

"ஏம்பா, இதெல்லாம்தான் அங்கயே எழுதியிருக்குதுன்னு நேத்து படிச்சிக் காட்னியே. அப்புறம் இன்னாத்துக்கு மறுபடியும் நம்மளக் கேக்குறாங்க?"

"அப்பா என்ன கேட்கிறார்?" என்றார் ஹெலன்.

அவர் கேட்டதை அப்படியே ஹெலனுக்குச் சொன்னேன். நேற்று அவரிடம் நான் எதைப் படித்துக் காட்டினேன் என்பதையும் சொன்னேன். ஹெலன் பென்சிலை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளிப்போய், மாவு மூட்டைச் சட்டை இருந்த பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அப்பா, நேத்து நான் படிச்சது அதுல இல்ல. நானாச் சொன்னது" என்றேன். "இது பட்டு நூல் பைன்னு இவங்ககிட்டச் சொல்லிட்டேம்பா. அதத்தான் எழுதிட்டாங்க. நம்ம ஊட்ல தறி இருக்குதுன்னு சொல்லியிருக்கேன். காலேஜ்லயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன், ரொம்ப நாளா."

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. அவருக்குப் புரியவே இல்லை.

"தறியா? நம்ம ஊட்லயா?" என்றார். போனைக் கையில் பிடித்தபடியே திரும்பி, வாசல் வழியாக வீட்டுக்குள்ளே பார்த்தார். "எங்கடா?"